நீ ஆரம்பிக்கப் போற டே கெயாருக்கு, அட்டன்ல இருந்து

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்புனத ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சி ஆறுதலா உக்காந்து ரெண்டு தரம் வாசிச்சேன்டி, வீட்டு கீழ்த்தட்ட டே கெயாரா மாத்தப் போறேன்னு எழுதியிருக்கிறத பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏ.எல். படிக்கிற காலத்துலயே புள்ளைங்கன்னா உயிர விடுறவ நீ. இங்க எல்லாரும் சுகம். அம்மா மலையில கொழுந்து எடுக்கிற வேலையில இருந்து நின்னுட்டாங்க, ஈ.பி.எஃப்.ன்ற ஊழியர் சேமலாப நிதிக் காசும் வந்திருச்சி, ஆனா இன்னமும் விடியக்காலையில எந்திரிச்சி அடுப்பு மூட்டுறாங்க, கொஞ்சம் படுங்கம்மான்னா கேக்குறதில்ல. அட்டன்ல விடாம மழை, புள்ளைங்க உடுப்பு காயவே மாட்டேங்குது. உன் மகள் ஓ.எல். எழுதிட்டு வீட்டுல இருக்காளாமே, அவளையும் ஒருக்கா இந்தப் பக்கம் கூட்டிட்டு வா.

சரி உன் கேள்விக்கு வர்றேன். பண்டாரவளையில ஏற்கனவே நாலஞ்சி எடம் இருக்கு, பெத்தவங்க எப்படி என்னைத் தேடி வருவாங்கன்னு கேட்டிருக்க, வேலைக்கு ஆள் கேட்டா வந்து பேசிட்டுப் போற பிள்ளைங்க பெறகு போன் எடுக்குறதில்ல, டீச்சர்மார எப்படி பிடிச்சி வைக்கிறதுன்னும் கேட்டிருக்க. எனக்கு இது ரெண்டும் ஒரே கேள்வி. இத்தனை வருஷமா இங்க சென்டர் நடத்தி நான் பாத்தது, எந்த எடத்துல ஆயாவும் டீச்சரும் மாறாம நிக்கிறாங்களோ அந்த எடத்துக்கு பெத்தவங்க தானா வர்றாங்க, வேற எந்த விளம்பரமும் தேவைப்படல. ஒரு வயசுப் புள்ள காலையில புது மொகத்த பாத்தா கத்தும், அந்தக் கத்துறத காதுல வாங்கிக்கிட்டு போற தாய்க்கு அன்னைக்கு முழுக்க கொழுந்து எடுக்கவும் முடியாது கடையில நின்னு பேசவும் முடியாது. அதே புள்ள ஆயாவ கண்டதும் அம்மா தோள்ல இருந்து கைய நீட்டி தாவிச்சின்னா, அத பாத்த தாய் பஸ்ஸுலயும் தண்ணி புடிக்கிற பீலிக்கரையிலயும் கோயில்லயும் சொல்லாம இருக்கவே மாட்டா.

நம்ம சின்ன வயசுல தோட்டத்துல புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளை மடுவம் எப்படி இருந்திச்சின்னு உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நீட்டு காம்பரா, வரிசையா தொட்டில், அத்தனை புள்ளைக்கும் ஒரே ஒரு ஆயா. இப்ப தோட்டங்கள்ல நிலைமை நல்லா மாறியிருக்கு, சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு போர்டு இருக்கு, பயிற்சி எடுத்த உத்தியோகத்தர் இருக்காங்க, 2015ல உலக வங்கி குடுத்த 5 கோடி டொலர் ஆரம்பப் பிள்ளைப்பருவத் திட்டத்துல தோட்டப்புறத்துக்குன்னு தனியா ஒரு பகுதியே வச்சாங்க. அதெல்லாம் நல்ல விஷயம், நான் மனசார சொல்றேன். ஆனா நீ எழுதியிருக்கிற கணக்குல பெயின்டுக்கும் சறுக்கு மரத்துக்கும் சுவர் படத்துக்கும் போட்டிருக்கிற காசப் பாத்தேன், ஆளுங்களுக்கு போட்டிருக்கிறதப் பாத்தேன், அதத்தான் தலைகீழா மாத்தணும்னு சொல்றேன். சுவர் படம் அடுத்த வருஷம் வரைஞ்சிக்கலாம்.

ஓ.எல்., ஏ.எல். முடிச்ச பிள்ளைங்க நம்ம பக்கத்துல எங்க போறாங்கன்னு உனக்குத் தெரியும், கொழும்புல துணிக்கடை, இல்லாட்டி கார்மன்ட். ஏன் போறாங்க? அங்க மாசக் கடைசியில சம்பளம் கையில விழுது, ஈ.பி.எஃப். இருக்கு. இங்க முன்பள்ளியில வேலைன்னா நிறைய எடத்துல என்ன நடக்குதுன்னா, புள்ளைங்க பீஸ் கட்டுனாத்தான் சம்பளம், டிசம்பர் லீவுக்கு சம்பளம் இல்ல, சேவைன்னு சொல்லி வாயடைச்சிருவாங்க. எனக்கு அதக் கேட்டாலே வயிறு எரியும். ஒரே ஒரு ஆள வச்சாலும் சட்டப்படி சம்பளத்துல நீ 12 வீதமும் அவங்க 8 வீதமும் ஈ.பி.எஃப். கட்டணும், ஈ.டி.எஃப்.ன்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் முழுசா உன் பக்கத்துல இருந்து போகணும். வேலைக்குப் பேச வர்ற பிள்ளைகிட்ட மொத நாளே இத சொல்லு, கடிதத்துல எழுதிக் குடு, சம்பளத் தேதியையும் எழுது. அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா அந்தக் கடிதத்த வாசிப்பாங்க, கொழும்புக்கு அனுப்பலாமா இங்கயே விடலாமான்னு முடிவெடுக்கிறது அவங்கதானே.

சம்பளம் மட்டும் போதாதுடி. புள்ளைங்களோட வேலை செஞ்சா உடம்பு மட்டும் இல்ல மனசும் களைச்சிரும், நாள் முழுக்க ஒரு நிமிஷம் இருந்து தேத்தண்ணி குடிக்க முடியாத ஆளு எத்தனை மாசத்துக்கு பொறுமையா இருப்பா? அதனால எங்க சென்டர்ல புள்ளைங்க தூங்குற நேரத்துல ஒவ்வொருத்தரா மாறி மாறி வெளிய போய் உக்காந்து ஆறுறாங்க, அந்த நேரத்துக்கு பதில் ஆளா நான் உள்ள நிப்பேன், அது என்னோட வேலை, அத விட்டுட்டு எனக்கு எந்த மீட்டிங்கும் கெடையாது. வாரத்துல ஒரு நாள் பின்னேரம் புள்ளைங்க போன பெறகு எல்லாரும் சேந்து உக்காருவோம், எந்தப் புள்ள பேச ஆரம்பிச்சிச்சி, எது சாப்பிடுறதில்ல, எது திடீர்னு சத்தம் இல்லாம இருக்குன்னு பேசுவோம், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. படிக்க ஆசைப்படுற பிள்ளைக்கு திறந்த பல்கலைக்கழகத்துல முன்பள்ளிக் கல்வி சான்றிதழ் கோர்ஸ் தமிழ்லயே இருக்கு, பீஸுல பாதிய சென்டர் கட்டும். படிச்சிட்டு வேற எடத்துக்குப் போயிருவாங்களேன்னு நீ யோசிப்ப, ஒண்ணு ரெண்டு பேர் போகத்தான் செய்வாங்க, நின்னவங்க கையில வேலை எப்படி மாறிச்சின்னு நீ வந்து பாக்கணும்.

அடுத்து ஒரு ஆளுக்கு எத்தனை புள்ளைங்கன்னு. அமெரிக்காவுல சின்னப் புள்ளைங்க கல்விக்கான தேசிய சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க கைக்குழந்தைக்கு நாலு பேருக்கு ஒரு ஆள், முன்பள்ளி வயசுக்கு பத்துப் பேருக்கு ஒரு ஆள்னு வச்சிருக்காங்க. பெரிய புள்ளைங்க விஷயத்துல எங்களால எல்லா நாளும் அது முடியிறதில்ல, ஆனா கைக்குழந்தைக்கு நாலுன்னா நாலுதான், அஞ்சாவது புள்ளைய கொண்டு வந்து எந்தத் தாய் அழுதாலும் இன்னொரு ஆயா கெடைக்கிற வரைக்கும் லிஸ்ட்லதான் வைப்பேன். மலைநாட்டுல இருக்குற நமக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ராவு பகலா மழை பெஞ்சி வெளிய ஓடுங்கன்னு சொன்னா ஒரு பொம்பளை எத்தனை புள்ளைய தூக்கிட்டு ஓட முடியும்? 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சி தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயங்கள் புதைஞ்சத நம்ம யாரும் மறக்கல, உங்க ஊருக்கு அது தூரமும் இல்ல. உங்க வீட்டுக்குப் பின்னால இருக்குற மண் மேட்ட நெனச்சாத்தான் எனக்குப் பயம். மண்சரிவு ஆபத்த பாத்து சொல்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க பதுளையில இருக்காங்க, ஒரு சுவருக்கு பெயின்ட் அடிக்க முந்தி அவங்கள கூப்பிட்டு அந்த மேட்ட காட்டு, மழை எச்சரிக்கை குடுத்தா எந்த நேரத்துல மூடுறது, பெத்தவங்களுக்கு யார் போன் பண்றது, புள்ளைங்கள எங்க கொண்டு போறதுன்னு எழுதி கதவுல ஒட்டு.

நேரத்த பத்தி. எட்டு மணிக்குத் தொறக்கலாம்னு எழுதியிருக்க, அது ஒபிஸ் போறவங்களுக்கு சரி, தோட்டத்துல காலையில பேர் குடுக்கிற பிரட்டுக்குப் போற தாய்க்கும் ஹொஸ்பிட்டல்ல காலை ஷிப்டுக்குப் போற நேர்ஸுக்கும் சரிவராது. மொத பஸ் எத்தனை மணிக்கு வருதுன்னு விசாரிச்சி அதுக்கு முந்தி தொற. தோட்டத்து தாய்மாருக்கு பிரசவ லீவு 84 நாள்தான், அப்ப மூணு மாசம் கூட நெறையாத குழந்தைய உன்கிட்ட கொண்டு வருவாங்க, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு மிட்வைஃப் சொல்லியிருப்பாங்க, எப்படி? தோட்டத்துலயும் கார்மன்ட்லயும் வேலை செய்றவங்களுக்கு சட்டத்துல வழி இருக்கு, ஒரு வயசுக்குள்ள புள்ள இருந்தா வேலை நாள்ல ரெண்டு தடவை பால் குடுக்க விடணும், வேலை தர்றவங்களே பிள்ளை மடுவம் வச்சிருந்தா அரை அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒவ்வொரு மணித்தியாலம். நிறைய தாய்மாருக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் கேக்கப் பயம். நீ சொல்லிக் குடு. கீழ்த்தட்டுல ஒரு மூலையில திரை போட்டு நல்ல கதிரை ஒண்ணு வை, குடிக்க சுடுதண்ணி வை. எங்க கிட்ட வர்ற தாய்மார் அதிகமா பேசுறது அந்தக் கதிரைய பத்தித்தான்.

சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா இரு. 2016 குடிசன சுகாதார அளவீட்டுல நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைங்க 17.3 வீதம், தோட்டப்புறத்துல மட்டும் 31.7. போத்தல்ல சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தனுப்புனா அன்பா பேசி நிப்பாட்டு, தேயிலை சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. பயறு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை, குரக்கன் இதெல்லாம் எட்டுற விலையில செய்யலாம்.

ஆனா சாப்பாடு மட்டும் போட்டா போதாதுங்கிறதுக்கு எனக்கு மனசுல நிக்கிற உதாரணம் ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரத்துல 1986, 87ல வளர்ச்சி கொறைஞ்ச 129 சின்னப் புள்ளைங்கள எடுத்து, சிலருக்கு சத்துணவு, சிலருக்கு சுகாதாரப் பணியாளர் கெழமைக்கு ஒருக்கா வீட்டுக்குப் போய் தாயையும் புள்ளையையும் வச்சி ஒரு மணித்தியாலம் வெளையாட்டு காட்டுறது, சிலருக்கு ரெண்டும், சிலருக்கு எதுவும் இல்லன்னு ரெண்டு வருஷம் செஞ்சாங்க. வெளையாட்டு சாமானெல்லாம் வீட்டுல கெடக்கிறத வச்சி செஞ்சது. அந்தப் புள்ளைங்க 22 வயசாகி வேலைக்குப் போன பெறகு பாத்தா, வெளையாட்டும் பேச்சும் கெடைச்சவங்க மத்தவங்கள விட 25 வீதம் கூட சம்பாதிக்கிறாங்க, சத்துணவு மட்டும் கெடைச்சவங்ககிட்ட அப்படி வித்தியாசம் தெரியல. அந்த சுகாதாரப் பணியாளர்மார் பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, நம்ம ஆயாமார் மாதிரி ஊர்ப் பொம்பளைங்கதான், ஒழுங்கா பயிற்சி குடுத்து கூட நின்னிருக்காங்க. இத எங்க டீச்சர்மாருக்கு சொன்னப்ப ஒருத்தி, அப்ப நாம வெறும் ஆயா இல்லையே மிஸ்னு கேட்டா. இல்லடி, நீ வெறும் ஆயா இல்லன்னேன்.

இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிறோம்னு போர்டுல போடலாமான்னு கேட்டிருந்த. பாட்டா ரெண்டு சொல்லிக் குடு, தப்பில்ல, ஆனா மூணு வயசுப் புள்ளைக்கு ஏ பி சி எழுத கொப்பி குடுக்காத, பெத்தவங்க கேட்டாலும் குடுக்காத. நீ பின்னேரம் கேட்டுல நின்னு, இன்னைக்கு உங்க மகன் மூணு புள்ளைங்களுக்கு அவனாவே பயறு பங்கு வச்சான்னு ஒரு விஷயத்த சொல்லு, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொண்ணு, அவங்க கொப்பிய கேக்குறத விட்டுருவாங்க. புள்ளைய எடுக்க யார் வரலாம்னு போட்டோவோட பைல் வை, தாய் டுபாய்ல, தகப்பன் கொழும்புலன்னு இருக்குற வீட்டுப் புள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். பீஸ தோட்டத்து ஆளுங்ககிட்ட மாசம் பிறந்ததும் கேக்காத, பத்தாந்தேதி சம்பளம் வந்த பெறகு கேளு.

உன்கிட்ட வந்து பேசிட்டுப் போன அந்த ரெண்டு பிள்ளைங்க நம்பரும் இன்னும் இருக்குதானே. நீயே நேர்ல போய் அவங்க வீட்டுல உக்காந்து பேசு, என்ன காரணத்துக்கு வரலன்னு கேளு, சம்பளம், ஈ.பி.எஃப்., லீவு எல்லாம் எழுதின கடிதத்தையும் கையில கொண்டு போ. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, உன் கணக்கையும் மாத்தி அனுப்பு, நான் ராத்திரி உக்காந்து பாத்து தர்றேன். தொறக்க முந்தி ரெண்டு நாள் இங்க வந்து எங்க டீச்சர்மாரோட உள்ள நில்லு, அம்மா உனக்கு ரொட்டியும் கட்ட சம்பலும் செய்யணும்னு இப்பவே சொல்லிக்கிட்டு இருக்காங்க.

அன்புடன்
உன் தோழி