கோடை விடுமுறையும் துறைமுகமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவிலும் ஆண்டு விழாவிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலை மீன் வாங்கக் குளச்சல் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அலைத்தடுப்புச் சுவர் தொடங்கும் இடத்தில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். பக்கத்தில் நம் பள்ளிப் பெயர் எழுதிய பரீட்சை அட்டைகள். பிள்ளைகள் நுனிவரை போய்விட்டார்கள். ஒருவன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவன் போனில் படம் எடுக்கிறான். காலடியில் பாசி பிடித்த கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஆள் அப்படியே உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி. வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "மக்களே, எறங்கி வாங்க, கடல் சரியில்ல" என்று சத்தம் போட்ட பிறகுதான் திரும்பினார்கள். எனக்குக் கடல் அமைதியாகத்தான் தெரிந்தது.

நம் கரையில் கள்ளக்கடல் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. படித்த, வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

உங்களில் பலருக்குக் கடல்தான் தொழில். கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைக்குப் பின்னாலேயே நிற்க முடியாது என்பதும் புரிகிறது. ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பெரியவர்கள் துணையில்லாமல் எந்தப் பிள்ளையும் அலைத்தடுப்புச் சுவரில் ஏறக் கூடாது, படகுத்துறையில் குதித்துக் குளிக்கக் கூடாது. "எல்லாப் பையன்களும் போகிறார்களே" என்ற பதிலை ஏற்க மாட்டேன். பள்ளி திறந்த பிறகும் இது தொடர்ந்தால், பெற்றோர் நேரில் வந்து பேச வேண்டியிருக்கும்.

துறைமுகத்தைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதற்கு முன்பே ஒருநாள் ஏல நேரத்தில் கூட்டிப்போங்கள். சாளையும் நெத்தோலியும் கணவாயும் கூடை கூடையாக இறங்குவதைப் பார்க்கட்டும். அப்புறம் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைக் காட்டுங்கள். 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதன் நினைவு அது. அப்போது சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னாளில் அதே திருவிதாங்கூர் படைக்குத் தளபதியானார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். சித்திரைப் பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக்குப் போனால், வானம் தெளிந்திருந்தால், சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே நேரத்தில் காணலாம்.

அன்று குரல் கொடுத்த அந்தப் பெரியவருக்கும், இப்படி எத்தனையோ முறை நம் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட துறைமுகத்து ஆட்களுக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. அங்கே விட்டுப்போன ஒற்றைச் செருப்பு ஒன்று என் அறையில் இருக்கிறது. உரியவன் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவந்து வாங்கிக்கொள்ளட்டும், திட்ட மாட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்