பனியன் வேஸ்ட் துடைத்த இடம்

ஈரோடு,
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அந்தக் குட்டி ரயில் எஞ்சின் பாதிக் காரணம், மழை பாதிக் காரணம். எஞ்சின் முடிந்ததும் படத்தோடு சேர்த்து அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன். முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அது செய்த கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். ஏறு, ஆனால் இரண்டிரண்டு படியாகத் தாவாதே, அந்த வயசெல்லாம் போய்விட்டது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். கடையைப் பையனிடம் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் காலையில் குளித்துவிட்டு அங்கே போய் நின்றால், "நீங்க வீட்ல இருங்கப்பா" என்கிறான். நாற்பது வருஷம் போர் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை சும்மா இருக்குமா? அதுதான் உன் மகன் அனுப்பிய அரைச் சாண் எஞ்சினில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீ போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பையன் சிரமப்பட்டு 3டி பிரிண்ட் எடுத்து அனுப்பினான், நீயும் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தாய். அதைப் போய் எதற்கடா அழுக்காக்குகிறாய்?" என் வீட்டுக்காரியும் இதையேதான் கேட்டாள். வீட்டில் இருக்கிற அழுக்கு போதவில்லையா என்று.

அந்தப் பளபளப்புதான் தொந்தரவு. உங்கய்யன் ஓட்டிய டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் 17 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், 112 டன்னுக்கு மேலே எடை, 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. அதை 160-இல் ஒரு பங்காக்கினால் 107 மில்லிமீட்டர். புதுப் பெயின்டோடு மேசையில் வைத்துப் பார்த்தால் நோம்பிக் கடையில் வாங்கிய பொம்மை மாதிரி இருந்தது. எடை இருக்கிற பொருளாகவே தெரியவில்லை. நிறம் செங்காவியா நீலமா என்று நாம் ஒரு வாரம் சண்டை போட்டோமே, கறுப்புவெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு. உன் அப்பா என்பதால் உன் பேச்சுக்கு விட்டுக்கொடுத்துச் செங்காவியே அடித்தேன். அதற்கும் உயிர் வரவில்லை.

முதல் தடவை கறுப்பைத் தின்னரில் கரைத்து மேலிருந்து கீழே ஊற்றிவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் சாக்கடையில் விழுந்து எழுந்த எருமை. எல்லா இடத்திலும் ஒரே அழுக்கு. அதைத் துடைத்து எடுத்து, திரும்பப் பெயின்ட் அடித்து, பத்து நாள் போனது.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்தேன். ஓடுவது நம் ஊரில், தூசியும் நம் ஊர்த் தூசியாகவே இருக்கட்டும் என்று தோட்டத்துச் செம்மண்ணை எடுத்து, துணியில் இரண்டு தடவை சலித்து, பிரஷ்ஷில் தொட்டு, போகிகள் என்கிற சக்கரச் சட்டங்களின் மேல் தடவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓடவிட்டேன், பத்து நிமிஷத்தில் கரகரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாக மீசை முளைத்திருக்கிறது!

உனக்கு ஞாபகம் வருகிறதா? ரேடியோக் கடை வாசலில் கிடந்த உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கொல்லம்பாளையம் மண்ணில் இழுத்துக்கொண்டே போவோமே, காந்தம் முழுக்கக் கறுப்பு முடி முளைக்குமே. தீப்பெட்டியில் சேர்த்துவைத்து அட்டைக்கு மேலே ஆட விடுவோம். எட்டு வயசில் தெரிந்த விஷயம் அறுபத்தெட்டில் மறந்துபோயிற்று. அதுவும் வாழ்நாள் முழுக்க மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு. மண்ணில் அந்த இரும்புத்தூள் இருக்கும் என்று முதலில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? வெளியே சொல்லாதே.

இப்போது மண்ணெல்லாம் கிடையாது. ஓவியம் வரைகிற பேஸ்டல் சாக்குகளை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி வைத்திருக்கிறேன். காவி, சாம்பல், கரிக்கறுப்பு, ஒரு மங்கல் மஞ்சள். அசல் மண்ணைவிட இதுதான் மண் மாதிரி தெரிகிறது. காரணம் அளவு. அசல் மண்ணின் ஒரு பருக்கை இந்த எஞ்சினுக்குக் கூழாங்கல்.

இந்த 160 என்கிற கணக்கை மண்டையில் ஏற்றிக்கொள்ளத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பிரஷ் நுனியால் 1 மில்லிமீட்டருக்குத் துரு வைத்தால், அசலில் அது 16 சென்டிமீட்டர். கை நுழைகிற ஓட்டை! அப்படி ஓட்டை விழுந்த எஞ்சினை ஷெட்டை விட்டு வெளியே விடுவார்களா? தூய கறுப்பும் கூடாது. தூரத்தில் இருக்கிற பொருளின் கறுப்பு நம் கண்ணுக்குச் சாம்பல் கலந்துதான் வருகிறது. அரைச் சாண் எஞ்சின் என்றால் தூரத்து எஞ்சின் என்றுதானே அர்த்தம். அதனால் எல்லாவற்றையும் ஒரு படி மங்கலாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தடவை பிரஷ்ஷைத் தொடவில்லை. ஒரு வாரம் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டாம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது வருவதெல்லாம் கரண்ட் எஞ்சின்தான், இருந்தாலும் அழுக்கு படிகிற விதம் மாறவில்லை. மேலே விழுகிற மழை கம்பி கம்பியாக நேர்கீழே இறங்குகிறது, எங்கே ஒரு போல்ட்டோ கதவு விளிம்போ இருக்கிறதோ அங்கே நின்று, அதற்குக் கீழே கோடு போடுகிறது. சக்கரத்துப் பக்கம் மட்டும் வேறு நிறம். அந்தக் காலத்தில் பிரேக் கட்டை வார்ப்பிரும்பு. சக்கரத்தில் உரசி உரசிப் பறக்கிற தூள் துருப்பிடித்துக் காப்பிக்கொட்டை நிறத்தில் போகி முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஜல்லிக்கும் தண்டவாளத்து ஓரத்துக்கும் அந்த நிறம் வந்தது அதனால்தான். டீசல் டேங்க் வாய்க்குக் கீழே மட்டும் தூசி ஈரமாகி, மினுமினுப்பாகக் கறுத்திருக்கும். மேற்கூரைக்கு வேறு கதை. உங்கய்யன் நாட்ச் ஏற்றி வேகம் கூட்டும்போது குபுகுபுவென்று கரும்புகை வருமே, டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொடுப்பதற்குள் டீசல் முந்திக்கொள்வதால் எரியாத கரி அது. புகைபோக்கியைச் சுற்றி வெல்வெட் மாதிரி கறுப்பு, தள்ளிப் போகப் போகச் சாம்பல்.

சித்திரையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போயிருந்தேன். ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சினை அவள் பார்த்ததைவிட நான்தான் அதிகம் பார்த்தேன். 1899-இல் குன்னூர் வரை திறந்த பாதை, கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் பார்த்தது வெள்ளைக் கோடுகளை. இணைப்புகளில் கசிகிற கொதிநீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கி, நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிகிற மாதிரி நீலப் பெயின்டின் மேலே வெள்ளையாக இறங்கியிருக்கிறது. டீசலில் அந்த வெள்ளையைத் தேடினாலும் கிடைக்காது. எஞ்சின் என்ன வேலை செய்ததோ அந்த அழுக்குதான் அதன் மேலே இருக்கும். நான் முதலில் ஊற்றிய கறுப்பு எந்த வேலையும் செய்யாத கறுப்பு.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. சக்கரத்துக்குக் காவியும் கறுப்பும் கலந்து அடித்தேன். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு ஒயர் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு அடித்தால் சுற்றிலும் ஒரே சீராகப் படிகிறது, இல்லாவிட்டால் பிரேக் மறைத்த இடம் மட்டும் வெளுப்பாகக் காட்டிக்கொடுக்கும். தண்டவாளத்தைத் தொடுகிற விளிம்பை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். கரண்ட் அந்த வழியாகத்தானே ஏறுகிறது. உடம்புக்கு ஆயில் கலர் டியூபில் பர்ன்ட் அம்பர் என்கிற காப்பி நிறம், துளி கறுப்பு, மிச்சமெல்லாம் டர்ப்பன்டைன். டீத்தண்ணி நிறத்தில் தடவி, இருபது நிமிஷம் விட்டு, டர்ப்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே மட்டும் இழுத்தேன். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் போச்சு, மழை குறுக்கே பெய்யாது. ஜாலி இடுக்குகளிலும் கதவுச் சந்துகளிலும் கொஞ்சம் தங்குகிறது, மற்றதெல்லாம் வந்துவிடுகிறது. பேஸ்டல் பொடி அதற்கு மேலே. பொடி வைத்த பிறகு விரலால் தொடக் கூடாது. தொட்டேன். என் கட்டைவிரல் ரேகை பின்பக்கக் கூரையில் இன்னும் இருக்கிறது, படத்தில் தெரியாது.

பொடி உதிராமல் இருக்க மேட் வார்னிஷ் அடிக்க வேண்டும். அடித்த அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. நாளைக்கு அடிக்கலாம் என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை. ஸ்ப்ரே போட்டு உள்ளே வந்து காபி குடிப்பதற்குள் மழை. போய்ப் பார்க்கிறேன், எஞ்சின் முழுக்க மாவு பூசினாற்போல வெளுத்திருக்கிறது. சங்ககிரி சிமென்ட் ஃபேக்டரிக்குள் நின்று வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் மேற்பரப்பு சில்லென்று ஆகிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதில் இறங்கிவிடுகிறது. காயில் வார்னிஷிலும் இதே கதைதான், மழைக்காலத்தில் கடையில் நான் எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன்! நான்கு நாள் எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் நல்ல வெயில். மொட்டைமாடியில் வைத்து அதே வார்னிஷை இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தேன், அடியிலிருந்த வெளுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு சரியாகிவிட்டது. பொடி மட்டும் பாதி காணாமல் போயிற்று, அது எப்போதும் அப்படித்தானாம். திரும்ப வைத்தேன்.

அப்போதும் என்னவோ குறைந்தது. நீ அனுப்பிய படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்கய்யன் பக்கவாட்டில் நிற்கிறார், கையில் டிபன் கேரியர். அவர் தோளுக்குப் பின்னால், டிரைவர் கேபின் ஜன்னலுக்குக் கீழே எஞ்சின் நம்பர். அதைச் சுற்றி மட்டும் எஞ்சின் சுத்தமாக இருக்கிறது! அரை வட்டமாக, கை எட்டுகிற அளவுக்கு.

அதைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் பேன்ட் பாக்கெட்டிலிருந்து பனியன் வேஸ்ட் ஒரு பிடி எடுப்பார். திருப்பூர்த் துண்டுகள், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. முதலில் கைப்பிடிக் கம்பி இரண்டும், அப்புறம் நம்பர். அவசரமில்லாமல், திருநீறு பூசுகிற மாதிரி ஒரே இழுப்பு. துண்டில் இருந்து பிரிந்த நூல் ஒன்று கம்பியின் அடிப்பக்கத் திருகாணியில் மாட்டிக்கொண்டு ஆடும். மறு நடை வரும்போதும் அது அங்கேயே இருக்கும், நிறம் மட்டும் கறுத்திருக்கும்.

ஆகவே அழுக்காக்கிய எஞ்சினை ஒரு இடத்தில் சுத்தம் செய்தேன். மனுஷன் கை ஒரு வீச்சில் துடைக்கிறது சுமார் 60 சென்டிமீட்டர், 160-இல் ஒரு பங்கு என்றால் 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. காது குடைகிற பட்ஸ் அதற்குப் பெரிது. பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, டர்ப்பன்டைனில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. செங்காவி வெளியே வந்தது. கம்பிகளுக்கு 2பி பென்சில் முனையை உரசினேன், பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிற மினுமினுப்பு வந்துவிட்டது. நூலும் வைத்திருக்கிறேன், பேத்தி சட்டையிலிருந்து உருவிய பச்சை இழை, லென்ஸ் இல்லாமல் தெரியாது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் யாரு தொடச்சது?" என்றாள்.

படம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் எடுத்தேன், மறுபக்கம் முடியவில்லை. உன்னுடைய படத்தில் அந்தப் பக்கம் தெரியவே இல்லை. அங்கேயும் ஒரு நம்பர் உண்டே, அதையும் உங்கய்யனே சுற்றிவந்து துடைப்பாரா, அசிஸ்டென்ட் வேலையா, இல்லை அப்படியே விட்டுவிடுவார்களா? எனக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை; நாம் எப்போதும் பிளாட்பாரத்துப் பக்கமே நின்றிருக்கிறோம். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், உங்கய்யன் வீட்டுக்கு வந்து ஏதாவது சொல்லியிருப்பார். நல்ல நேரம் பார்த்துக் கேட்டு எழுது. அதுவரை அந்தப் பக்கத்தைத் தொட மாட்டேன்.

தங்கச்சியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்