உடற்பயிற்சிக் கூடங்களில் ஸ்டீராய்டு ஊசி விற்பனையைத் தடுக்கவும், பாதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு மனநலச் சிகிச்சை அளிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மதுரை வடக்கு வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றிய நான், என்னிடம் கபடி பயின்ற மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததை முன்வைத்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

19 வயதான அவர், ஆணழகன் போட்டிக்காகச் சேர்ந்த உடற்பயிற்சிக் கூடத்தில், புரத மாவு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்து விற்கப்பட்ட, தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசி மருந்தை, பயிற்சியாளரின் சொற்படி நான்கு மாதங்கள் போட்டுக்கொண்டார். புஜத்தின் சுற்றளவு 16 அங்குலத்தைத் தாண்டிய பிறகும், ஒல்லியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் வெளியே வந்தார். மார்பகம் வீங்கத் தொடங்கியதும் பயந்து, யாரையும் கேட்காமல் ஊசியை நிறுத்தினார். அதன் பின் பல வாரங்கள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவர், சாக வேண்டும் போலிருப்பதாகத் தாயிடம் சொன்ன பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இத்தகைய ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து செலுத்தப்படும்போது உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்றும், நிறுத்திய பின் அது மீள மாதக்கணக்கில் ஆகலாம் என்றும், அந்த இடைவெளியில் கடும் மனச்சோர்வு வரக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். ஊசியை விட்டால் பையன் தேறிவிடுவான் என்றே, இத்தனை ஆண்டுகள் விளையாட்டுத் துறையில் இருந்த நானும் நம்பியிருந்தேன்.

இம்மருந்துகள் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ளவை. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. அறுவைச் சிகிச்சையின்போது தாழ்ந்த ரத்த அழுத்தத்தை உயர்த்தப் பயன்படும் மெபன்டெர்மின் ஊசியும் இதே வழியில் கைமாறுகிறது. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் சோதனை போட்டி வீரர்களுக்கானது; வேலை முடிந்து மாலையில் ஜிம்முக்குப் போகும் இளைஞரை அது எட்டுவதில்லை.

ஆகவே, மருந்து ஆய்வாளர்கள் உடற்பயிற்சிக் கூடங்களையும் அவற்றுக்கு மருந்து தரும் கடைகளையும் சேர்த்து ஆய்வு செய்ய ஆணையிடுமாறும், ஊசியை நிறுத்திய இளைஞர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே தொடர் சிகிச்சை கிடைக்கச் செய்யுமாறும், 14416 என்ற மனநல உதவி எண்ணை ஒவ்வொரு கூடத்திலும் எழுதி வைக்கச் செய்யுமாறும் வேண்டுகிறேன். ஊசி போட்டுக்கொண்டவர்களைக் குற்றவாளிகளாக நடத்தினால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மாணவர் பயன்படுத்திய காலிக் குப்பிகள் இரண்டு என்னிடம் உள்ளன. அவற்றின் மீதுள்ள தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்கள் அழியவில்லை. விசாரணைக்கு அழைத்தால் அவற்றுடன் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்