மூன்று போல்ட் மாறி வந்ததில் என் வண்டியின் மரை போனது: பழுதுச் செலவைத் தாருங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: லோடு வண்டித் தார்ப்பாய் கூண்டு செட்டில் தவறான போல்ட், தவறான பொருத்தும் முறைத் தாள்

ஐயா / அம்மா, வணக்கம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். டிரைவர் வேறு யாரும் இல்லை, நான்தான் ஓட்டுகிறேன், இந்த ஒரு வண்டிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஜூன் பிறந்தால் பொள்ளாச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ளும், தக்காளிப் பெட்டி நனைந்தால் அங்கே இறக்குகிற வியாபாரி முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதனால்தான் மே மாதக் கடைசியில் உங்கள் மடக்குத் தார்ப்பாய் கூண்டு செட்டை 18,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூண்டு நன்றாகத்தான் இருக்கிறது. பைப்பும் சரி, துணியும் சரி, குறை சொல்ல மாட்டேன். என் புகார் அதோடு பாக்கெட்டில் வந்த எட்டு போல்ட்டைப் பற்றியும், நீங்கள் அச்சடித்து வைத்த ஒரு தாளைப் பற்றியும்.

வண்டியின் பாடியில் இரண்டு பக்க மேல் பட்டியிலும் பக்கத்துக்கு நான்காக எட்டு நட்டு உள்ளே பற்றவைத்தே வந்திருக்கின்றன. எல்லாம் எம் 8, அதாவது 8 மில்லி தடிமன் போல்ட் போகிற நட்டு, மரை இடைவெளி 1.25 மில்லி. உங்கள் விளம்பரத்திலும் "வண்டியில் இருக்கிற ஓட்டையிலேயே பொருத்தலாம், துளை போட வேண்டாம், வீட்டிலேயே ஒரு மணி நேர வேலை" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதல் ஐந்து போல்ட்டும் விரலாலேயே கடைசிவரை இறங்கின, அப்புறம் ரிங் ஸ்பேனரில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆறாவது போல்ட் இரண்டு சுற்று இறங்கியதும் நின்றுவிட்டது. கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு, கோணம் பார்த்துத் திரும்பவும் வைத்தேன், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் உங்கள் தாளை எடுத்துப் படித்தேன். அதில் இருக்கிற வரியை அப்படியே எழுதுகிறேன்: "போல்ட் இறுக்கமாக இருந்தால் நட்டில் பெயிண்ட் படிந்திருக்கலாம். இம்பேக்ட் ரெஞ்ச் கொண்டு முடுக்கவும்." பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது நட்டின் மரையில் பெயிண்ட் இறங்குவது நடக்கிற விஷயம்தான், அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்து டயர் கடையில் இம்பேக்ட் ரெஞ்ச் (டயர் நட்டைக் கழற்றி மாட்டுகிற மெஷின்) வாங்கி வந்து வைத்தேன். கிர்ரென்று இறங்கியது, நடுவில் ஒரு நொடி கைக்கு எதிர்ப்பே இல்லாமல் லேசாகிப் போனது. ஆனாலும் போல்ட் தலை பட்டியில் போய் உட்கார்ந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஏழாவதும் அப்படியே. எட்டாவது போல்ட்டில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றினாலும் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றுகிறது. வெல்டிங் விட்டுப்போய்விட்டது. பட்டி நாலு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி இருப்பதால் பின்னால் கைவிட்டுப் பிடிக்கவும் வழியில்லை.

ஆறாவதைக் கழற்றிப் பார்த்தபோது போல்ட்டின் நுனியில் பளபளவென்று ஒரு கம்பிச் சுருள் சுற்றியிருந்தது. அது கம்பி இல்லை, என் வண்டி நட்டின் மரை. அப்படியே உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது.

மறுநாள் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் போல்ட்டைக் கையில் வாங்கியதும் தலையைத்தான் முதலில் பார்த்தார். "தம்பி, இது வேற, இது வேற" என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். சரியாக இறங்கிய ஐந்தின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறது, அது மில்லிக் கணக்கு போல்ட்டின் வலிமைத் தரத்தைச் சொல்லும் எண். மாட்டிக்கொண்ட மூன்றின் தலையில் எண்ணே இல்லை, நடுவிலிருந்து மூன்று கோடுகள் மட்டும் இருக்கின்றன. அது மில்லிக் கணக்கு போல்ட்டே இல்லை, அங்குலக் கணக்கு, இரண்டரை நூல் போல்ட் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அங்குலத்துக்கு 18 மரை. அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.41 மில்லி. தடிமன் 7.94 மில்லி, எம் 8-க்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனர் வைத்தாவது கண்டுபிடிக்க முடியுமா என்றால் அதுவும் முடியாது, அதன் தலை அரை அங்குலம், 12.7 மில்லி, 13-ஆம் நம்பர் ஸ்பேனர் துளி ஆட்டத்தோடு அதிலும் உட்கார்ந்துவிடும்.

பெரியவர் இரண்டு போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல்லோடு பல் கோத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு முனையில் இரண்டு பல் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நடுவில் பல்லின் மேல் பல் ஏறி நிற்கிறது, இடையில் வெளிச்சம் தெரிகிறது. எட்டு மரை சுற்றினால் என் நட்டு கேட்பது 10 மில்லி, உங்கள் போல்ட் போக நினைப்பது கிட்டத்தட்ட 11.3 மில்லி. முதல் இரண்டு சுற்று ஏன் ஒழுங்காக இறங்கியது, அப்புறம் ஏன் நின்றது என்பதற்கு இதுதான் காரணம், பெயிண்ட் இல்லை. அந்த நட்டின் கனமே ஆறரை மில்லிதான், உள்ளே இருப்பது ஐந்து மரை, அதற்குள் இம்பேக்ட் ரெஞ்ச் வைத்து இதைத் திணித்தால் மரை உரியாமல் என்ன செய்யும்?

உங்கள் தாளில் இன்னொரு தவறும் இருக்கிறது. எட்டு போல்ட்டையும் 50 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது 8.8 தரத்தில் எம் 10 போல்ட்டுக்கு வைக்கிற முறுக்கு. எம் 8-க்கு 25 பக்கம்தான். என்னிடம் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாததால் முதல் ஐந்தையும் கைக்கணக்கில் நிறுத்தினேன், தாளில் சொன்னபடி முறுக்கியிருந்தால் நல்ல ஐந்து மரைக்கும் ஆபத்துதான். வேறு ஏதோ செட்டுக்குப் போட்ட தாளை இதற்கும் அப்படியே அச்சடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழுது பார்த்த விவரத்தையும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அலுவலகத்தில் போன் எடுத்தவர் "ஒரு டேப் அடிச்சா சரியாயிடும் சார்" என்றார். டேப் என்பது மரை வெட்டுகிற கருவி. அதை அடித்தால் நசுங்கிய மரையைச் சீராக்கலாம், உரிந்து கையில் வந்த மரையை எங்கிருந்து கொண்டு வருவது? பெரியவர் முதலில் எம் 8 டேப்பை விட்டுத்தான் பார்த்தார், பிடிமானமே இல்லை. அடுத்த வழி எட்டரை மில்லி துளை போட்டு எம் 10 மரை வெட்டுவது. அப்படிச் செய்தால் நட்டின் சுவர் மெலிந்துபோகும், உங்கள் பிராக்கெட்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும், அதனால் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கடைசியில் ஆறு, ஏழு இரண்டுக்கும் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கிற கம்பிச் சுருள் போட்டோம். 8.3 மில்லி பிட்டில் பழைய மரையைத் துடைத்தெடுத்து, அதற்கென்றே இருக்கிற டேப்பில் கிரீஸ் தடவிப் புது மரை வெட்டி (துகள் பட்டிக்குள் விழுந்து துருப்பிடிக்காமல் இருக்கத்தான் கிரீஸ், அரைச் சுற்றுக்கு ஒருமுறை டேப்பை வெளியே எடுத்துத் துடைத்தார்), ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே திருகி, அடியில் இருக்கும் குறுக்கு வாலை ஒரு தட்டுத் தட்டி உடைத்தார். இப்போது அந்த இரண்டு இடமும் புதுசு மாதிரி பிடிக்கிறது. எட்டாவது இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த நட்டை வெட்டி எடுத்துவிட்டு, 11 மில்லி துளை போட்டு, வெளிப்பக்கத்திலிருந்தே பொருத்துகிற ரிவெட் நட் அடித்து, வெட்டிய ஓரமெல்லாம் பிரைமர் பூசினோம். துளையே போட வேண்டாம் என்று விளம்பரம் செய்த செட்டுக்காக என் வண்டிப் பட்டியில் இன்று ஒரு புதுத் துளை இருக்கிறது, மழைக்காலத்தில் துரு பிடிக்க ஆரம்பித்தால் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும் என்று ஒவ்வொரு வாரமும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெலிகாயில் இரண்டுக்கு 800 ரூபாய், ரிவெட் நட் வேலைக்கு 650, எட்டும் புதிதாக 8.8 போல்ட் வாங்கியதில் 120, பிரைமர் 130, ஆக 1,700 ரூபாய். வண்டி பட்டறையில் நின்றதால் ஒரு நடை போய்விட்டது, அதில் செலவு போக எனக்கு நிற்பது 3,800. மொத்தம் 5,500 ரூபாய்.

இதை உங்களிடம் நான்கு முறை போனில் சொல்லிவிட்டேன். முதல் முறை "அனுபவமுள்ள ஃபிட்டரிடம் கொடுத்திருக்க வேண்டும்" என்றார்கள். பெட்டியின் மேலேயே வீட்டில் பொருத்தலாம் என்று போட்டுவிட்டு அப்படிச் சொல்லலாமா? கடைசி முறை "எட்டு போல்ட் கூரியரில் அனுப்புகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். போல்ட் கெட்டிருந்தால் போல்ட் வாங்கிக்கொள்வேன். கெட்டது என் வண்டியின் மரை.

எனக்கு வேண்டியது இதுதான். 5,500 ரூபாயை 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அதைவிட முக்கியமானது, கிடங்கில் இருக்கிற போல்ட் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தலையைப் பாருங்கள், மூன்று கோடு போட்டது ஒன்று கலந்திருந்தாலும் அந்த வரவு முழுவதையும் ஒதுக்குங்கள், ஏற்கெனவே வாங்கிப் போனவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உங்களிடம் எல்லோருடைய போன் நம்பரும் இருக்கிறது. மரை உரிந்தது தெரியாமலே கூண்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் இருக்கலாம், போல்ட் தலை உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, நானே அப்படித்தான் ஏமாந்தேன். பைபாஸில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று தார்ப்பாயைத் தூக்கும்போது அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டால் பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன? தாளில் இம்பேக்ட் ரெஞ்ச் வரியை எடுத்துவிட்டு, விரலால் குறைந்தது நான்கு சுற்று இறங்காத போல்ட்டைக் கழற்றி மரையைச் சரிபாருங்கள் என்று போடுங்கள், முறுக்கு அளவையும் திருத்துங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84-ஆவது பிரிவில் தயாரிப்புக் குறையும் வருகிறது, சரியான உபயோகக் குறிப்பு தராததும் வருகிறது. வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை என்று உங்கள் ஆள் போனில் சொன்னார், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கினவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்கு ஆணையத்துக்கு அலைய ஆசை இல்லை, அலைகிற நாளிலும் ஒரு நடை போகும்.

பில், பட்டறை ரசீது, எட்டு போல்ட்டின் தலையும் தெரிகிற படம், இரண்டு போல்ட்டைக் கோத்து வெளிச்சத்தில் எடுத்த படம், உங்கள் தாளின் நகல் எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். அந்த மூன்று போல்ட்டும், நுனியில் சுற்றிய மரைச் சுருளோடு, ஒரு கவரில் என்னிடம் இருக்கின்றன. கூரியரில் அனுப்பமாட்டேன். ஆள் அனுப்பினால் காலை பதினொரு மணிக்கு மேல் மார்க்கெட்டில் வண்டியோடு இருப்பேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லோடு வண்டி உரிமையாளர், ஒட்டன்சத்திரம்