மரம் வளக்கறவங்க சங்கம்: இந்த வருச ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கயம், தாராபுரம் சுத்துப்பக்கத்து மெம்பருங்களுக்கு செயலாளர்ங்கற முறையில இந்த அறிக்கை. வரவு செலவை பொருளாளர் பொதுக்குழுவுல படிப்பாருங்க, சந்தா பாக்கி இருக்கறவங்க அதுக்கு முன்னாடி கட்டிப்போடுங்க.

இந்த வருசம் எச்சா பேசுனது வெதையைப் பத்தித்தான். 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சப்ப ஒரே கொறங்காட்டுல (ஆடுமாடு மேயற காட்டுல) ஒரு வெள்வேல மரம் உச்சி காஞ்சு போச்சு, பக்கத்து மரம் தழையோட நின்னுச்சே, அது ஏனுங்கன்னு பெரியவர் ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்விங்க. ஊட்டில பாக்கறமே பைன் மரம், அந்த ஊசியிலை வகையறாவுல இதுக்கு நெறைய ஆராய்ச்சி நடந்திருக்குது. அமெரிக்காவுல டெக்சாஸ் பாஸ்ட்ராப் பக்கம், பெரிய பைன் காட்டை விட்டுத் தனியா மேற்கால வறண்ட சீமையில லோப்லோலி பைன் கூட்டம் ஒன்னு இருக்குது, அந்த வெதையில வந்த நாத்து, மழை எச்சா பெய்யற கிழக்குப்பக்கத்து வெதையை விட வறட்சியில பொழைக்குதுங்க, ஆனா வளத்தி கொஞ்சம் கம்மி. டக்ளஸ் பர் மரத்துலயும் கடலோர ரகத்தை விட உள்நாட்டு ரகம் வறட்சி தாங்கும்.

மண்ணு காஞ்சா எல தண்ணிய மேல இழுக்கற இழுப்புல மரத்துக்குள்ள காத்து பூந்து, மோட்டார் பைப்புல ஏர் புடிச்சாப்ல தண்ணி மேல ஏறாம நின்னு போகுது. சரி, அதைத் தாங்கற மரமாப் பாத்து எடுத்தாப் போதும்னு நெனைக்கலாம், ஆனா பிரான்சு, ஸ்பெயின் பக்கத்து கடலோர பைன்ல வெவ்வேற எடத்து வெதையைச் சோதிச்சப்ப இந்தக் குணத்துல பெருசா வித்தியாசமே இல்லீங்க! வேரு எத்தன ஆழம் போகுது, எலயில தண்ணி ஆவியாப் போற சின்னச் சின்ன கண்ணை எப்ப மூடுது, அதெல்லாமும் சேந்துதான். அதனால எல்லா எடத்து வெதையையும் ஒரே காட்டுல பக்கம் பக்கமா நட்டுப் பாத்தாத்தான் மண்ணோட குணம் எது, வெதையோட குணம் எதுன்னு பிரியும்.

அதையே நாமளும் ஆரம்பிச்சிருக்கறமுங்க. காங்கயம், மூலனூர், மேட்டுப்பாளையம் பக்கத்து வெள்வேல வெதைய மெம்பர் ஒருத்தர் காட்டுல வரிசை வரிசையா போட்டிருக்குது. ஆடு காயத் தின்னு போட்டு, பட்டியில கூட்டியெடுத்த வெதை சுளுவா மொளைக்கும், ஆனா எந்தத் தாய்மரத்துதுன்னு தெரியாது, அதனால மரத்துலயே காய் பறிச்சு தனித்தனி துணிப்பையில கட்டி, சுடுதண்ணியில ஊற வெச்சுப் போட்டோம். முடிவு சொல்ல இன்னும் நாளாகும்ங்க.

அடுத்த காய் முத்தறப்ப அவங்கவங்க காட்டுல வறட்சி தாங்கி நின்ன மரத்துக்கு சுண்ணாம்பு அடிச்சு வைக்கோணும், ஒரே மரத்து வெதைய மட்டும் எல்லாரும் நட வேண்டாம். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்துல போய் யோசனை கேக்கறதுக்கு பொதுக்குழு ஒப்புதல் வேணுமுங்க.