என் வலது கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சட்டையின் மேல் பொத்தானை நானே போட்டுக்கொண்டேன், சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஐந்து மாதத்துக்குப் பிறகு. அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அன்று அலுவலகத்தில் என்னை வண்டியில் ஏற்றிய நண்பருக்கு. வாந்தி எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி தள்ளாடியவனைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். கோபமில்லை, மதுவும் அதே சிறுமூளையில்தான் கைவைக்கிறது. நண்பர் மட்டும், "திடீர்னு நிற்க முடியலைன்னா சும்மா விடக்கூடாது" என்றார்.

அப்புறம், அவசரப் பிரிவின் இளம் டாக்டர். என் கை கால் பலம் சரியாக இருந்தது, முகமும் கோணவில்லை. அதோடு அனுப்பியிருக்கலாம். அவர் தன் விரலை நீட்டி, "இதைத் தொட்டுட்டு உங்க மூக்கைத் தொடுங்க" என்றார். இடது விரல் நேராகப் போனது. வலது விரல் கிட்டே போகப் போக நடுங்கி, மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் குத்தியது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் சிறுமூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. பெருமூளை கெட்டால் உடம்பின் எதிர்ப்பக்கம் படுக்கும். சிறுமூளை தன் பக்கத்தையே கெடுக்கும். வீங்கினால் முன்னால் இருக்கும் மூளைத்தண்டை நெருக்கிவிடும் என்பதால் இரவெல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த செவிலியர்களை மறக்க முடியாது.

பிசியோதெரபிஸ்ட் தம்பிக்குத்தான் பெரிய கடன். "பலம் இருக்கே, டம்ளர் ஏன் கைக்கு வரமாட்டேங்குது?" என்று நான் எரிந்து விழுந்த நாளில், அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். பின்மண்டையில், பெருமூளைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு சின்ன உருண்டை, அதுதான் சிறுமூளை. மூளையின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான், நரம்பு செல்களிலோ ஐந்தில் நான்கு பங்கு அதற்குள். நடுவிலுள்ள வெர்மிஸ் என்ற பகுதி உடம்பைத் தள்ளாடாமல் நிற்க வைக்கிறது, இரு அரைக்கோளங்களும் கை கால்களைப் பார்த்துக்கொள்கின்றன.

"முதலாளி பெருமூளை, அண்ணா. போட்ட உத்தரவையும் நடந்ததையும் ஒத்துப் பார்க்கிற கணக்குப்பிள்ளை இது. உங்க கணக்குப்பிள்ளை படுத்துட்டார்."

சிறுமூளையின் புறணியிலுள்ள பர்கிஞ்சி என்ற நரம்பு செல் ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வருமாம். (புறணி என்றதும் சிரித்துவிட்டேன். மேலுறைக்கு அதுதான் பெயர்.) அது தவிர, கொடி போல் அதன்மேல் படரும் ஒற்றை இழை ஒன்று, பிசகு நடந்தால் தகவல் கொண்டுவருகிறது, அதை வைத்துத்தான் கை திருந்துமாம். அதனால்தான் தம்பி என் கையைப் பிடித்து டம்ளரில் வைக்கவே இல்லை. தவற விடச் சொன்னார். நூறு முறை தவற விட்டேன். ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் துடைத்தது என் மனைவி. அவளுக்கு மடலில் சொல்லி முடியாது.

எழுத்தெழுத்தாக உடைந்து வந்த என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட நண்பர்களுக்கும் நன்றி.

சட்டென்று திரும்பினால் இன்னும் தள்ளாடுகிறேன். அடிமேல் அடி வைத்து நடக்க ஹாலில் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் நடந்து பார்த்தீர்கள். உங்களில் இரண்டு பேர் என்னைவிட மோசம்.