மலையேற்றமும் உன் காரின் என்ஜினும்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். இடைக்கிடையே அதிவேக நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் காரின் என்ஜின் சுத்தமாகும் என்று உன் அலுவலகத்தில் சொன்னார்களாம். அது உண்மையா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும் என்பதால் எழுதுகிறேன்.

உண்மை கொஞ்சம் இருக்கிறது. நன்மை செய்வது சூடுதான். வேகம் அந்தச் சூட்டை உண்டாக்கும் ஒரு வழி மட்டுமே. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போகும் தூரத்தில் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகி, சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிடும். என்ஜின் ஒயில் முழுமையாகச் சூடேறுவதற்குள் நீ வண்டியை நிறுத்திவிடுவாய். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறிவிட, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கும் சிறுபகுதி, எரியாத பெற்றோலுடன் சேர்ந்து ஒயிலில் தங்கிவிடுகிறது. ஒயில் 100 பாகை செல்சியஸை நெருங்கி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் வற்றும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார். பாலாடை போல வெளிறிய பசை ஒட்டியிருந்தால், வண்டி குறுந்தூரம் மட்டுமே ஓடுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பெற்றோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கின் கதையும் இதுதான். அதன் முனை சுமார் 450 பாகைக்கு மேல் சூடானால்தான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்தே பழகிய வண்டியின் பிளக்கில் விரலை வைத்தால் கரி ஒட்டும். பாரத்தோடு மலையேறி வந்த வண்டியில் அதே முனை வெளிர் பழுப்பாக இருக்கும். பெற்றோலைக் காற்றோடு கலக்க கார்புரேட்டர் இருந்த காலத்து வண்டிகளில் இந்தக் கரித் தொல்லை அதிகம் என்பதால், விரட்டி ஓட்டும் வழக்கமும் அப்போது நன்றாகவே பலித்தது.

இன்றைய வண்டிகளில் பலன் குறைவு. பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் என்ஜின்களில் காற்றை உள்ளிழுக்கும் வால்வின் மேல் பெற்றோல் பட்டுக் கழுவுவதே இல்லை. அங்கே இறுகிய கரியை எவ்வளவு விரட்டினாலும் அகற்ற முடியாது, கராஜில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். உன் அண்ணனின் டீசல் டபுள் கெப்புக்கு மட்டும் நீண்ட ஓட்டம் கட்டாயம் வேண்டும். அதன் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர சுமார் 600 பாகைச் சூடு தேவை. அந்த வேலை நடக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

குளிர்ந்த என்ஜினை விரட்டுவதுதான் உண்மையான கேடு. இங்கே விடியற்குளிரில் சிலர் நின்ற இடத்திலேயே அக்சிலேட்டரை மிதித்து உறும விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். தடித்துப்போன ஒயில் எல்லா இடத்துக்கும் சரியாகப் போய்ச் சேருமுன்பே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது.

ஆகவே உனக்குத் தனியாக ஒரு வேக ஓட்டம் தேவையில்லை. அவிசாவளை வரை சாதாரணமாக ஓட்டிவந்தால் ஒயில் சூடாகிவிடும்; அதன்பின் கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் என்ஜின் திணறாதபடி சிறிய கியரில் ஏறி வா, அதுவே போதும். புறப்படுமுன் ஒயில் குச்சியை எடுத்துப் பார். அளவு மேல்கோட்டைத் தாண்டி, பெற்றோல் மணமும் வந்தால், ஒயிலை மாற்றிய பிறகே மலையேறு.

அன்புடன்,
அப்பா